மாஜுலிக்குப் பாலம் இல்லை

இந்தச் சித்திரை முதல் நாள் காலையில் எங்கள் கோழிப்பண்ணை ஆபீசுக்குள் ஒரு வாசனை வந்தது. ஊறிப் புளித்த பச்சைப் பாக்கின் வாசனை. பண்ணையில் முட்டை பொறுக்கும் அசாம் பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பிகு. நமக்கு வருஷம் பிறக்கிற அதே சமயம்தான் அவர்களுக்கும் பிறக்கிறது. ஒரு பெண் வெற்றிலையில் பாக்கை மடித்து, சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்றோடு என் மேசையில் வைத்து, "பிகுங்க அக்கா" என்றாள். வந்த கொஞ்ச நாளில் நம் 'ங்க'வைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

அந்தத் துண்டைக் கமோசா என்பார்கள். மரியாதைக்கும் அதுதான், பிரியத்துக்கும் அதுதான். நான் அதை மடியில் விரித்துக்கொண்டேன். அசாம் என்றால் உங்களுக்குத் தேயிலை ஞாபகம் வரும். எனக்கு என் தாய்மாமன் ஞாபகம் வரும். வந்தால் இன்றைக்கும் வயிறு எரியும். அது அணைய வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

மாமாவுக்கு நாமக்கல்லில் லாரி ஷெட் இருந்தது. ஏழெட்டு லாரிகள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. மாமன்தான் சீர் செய்தார், அண்ணனுக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார், பெண் பார்த்துக் கட்டியும் வைத்தார். லைசன்ஸ் வாங்கிய நாள் முதல் அண்ணன் அவருடைய லாரியில்தான் ஓடினான். வடக்கே லோடு போய் வந்தால் அவன் சட்டையில் டீசல், கடுகெண்ணெய், பீடி மூன்றும் கலந்து அடிக்கும். அண்ணி மூக்கைப் பிடித்துக்கொண்டே அதைத் துவைப்பாள். துவைக்கும் முன் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நான் அப்போது ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டு, அரசாங்கப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது பெரிய வார்த்தை. பொது அறிவு கைடு ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். தமிழ்நாட்டில் ஆரம்பித்துக் கர்நாடகம் வரைக்கும் வருவேன், அதற்குள் கண் சொருகிவிடும்.

ஒரு ஆடி மாதம் அண்ணன் அசாமுக்கு லோடு ஏற்றிப் போனான். திரும்பவில்லை. மாமா அவனைத் தேடி ரயிலேறிப் போனார். லாரி வந்தது, அதை வேறொருவன் ஓட்டி வந்தான். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, மனசைத் தேத்திக்கோ. பையன் அங்க ஒருத்திகூடக் குடும்பம் பண்றான். மாஜுலின்னு ஒரு ஊரு. நானே பஸ்ஸேறிப் போயிக் கண்ணால பாத்தேன். வரமாட்டேன்னுட்டான். அசாமுங்கறது காமரூபம், மாந்திரீக ஊரு. காமரூபத்துப் பொம்பளைங்க, ஆம்பளைய ஆட்டுக்குட்டியாட்டம் கட்டிப்போட்டுருவாளுக."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அண்ணி அழவில்லை. கைக்குழந்தையோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஊர் வாய் சும்மா இருக்குமா? குழாயடியில் அண்ணியைப் பார்த்ததும் பேச்சு நிற்கும். "ஆடு மேய்க்கப் போனியா?" என்று ஒருத்தி கேட்டாளாம். அண்ணி தண்ணீர் எடுக்கப் போகிற நேரத்தையே மாற்றிக்கொண்டாள்.

எனக்கு அசாம் மேல் வெறி பிடித்தது அப்போதுதான். அண்ணனைப் பறித்த ஊர் எப்படி இருக்கும் என்று கைடைப் புரட்டினேன். ஒற்றைக்கொம்பு காண்டாமிருகம் காசிரங்கா. பொன்னிறப் பட்டுக்குப் பெயர் முகா. அகோம் அரசர்கள் ஆறு நூற்றாண்டு ஆண்டார்கள். மொகலாயப் படை ஏறி வந்தபோது, அரண் கட்டும் வேலையில் மெத்தனமாக இருந்த சொந்த மாமனையே ஓர் அகோம் தளபதி வெட்டினாராம். அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படித்தேன். ஆயுத பூஜைக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, மத்தியானச் சோற்று நேரத்தில், பில் மேசைக்கு அடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தவள் கண்ணில் அந்த வரி பட்டது. உலகின் மிகப்பெரிய ஆற்றுத்தீவு மாஜுலி, பிரம்மபுத்திரா.

தீவு. மாமா பஸ்ஸேறிப் போன ஊர்.

கடைக்கு எதிரே டீ குடிக்க வந்த லைன் டிரைவர் ஒருவரிடம் அன்றைக்கே கேட்டுக்கொண்டேன். படகில்தான் போகமுடியும் என்றார். வீட்டில் நான் மூச்சு விடவில்லை. தனியாகக் கேட்டால் மாமா வேறொரு பொய் சொல்வார். அக்காவைக் கட்டிக்கொண்டு அழுவார். அம்மா கரைந்துபோவாள். எல்லா டிரைவர்களும் ஊருக்கு வந்து ஷெட்டில் கூடுகிற நாள் ஆயுத பூஜை ஒன்றுதான்.

ஆயுத பூஜை அன்றைக்கு லாரிகளுக்கு வாழைமரம் கட்டி, கண்ணாடியில் சந்தனம் பூசியிருந்தார்கள். திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்துப் பொரியும் கடலையும் கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் நடுவில் போய் நின்றேன்.  எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"மாமா, மாஜுலிக்கு எப்படிங்க போனீங்க?"

"பஸ்ஸுலதான் கண்ணு. அதான் அன்னைக்கே சொன்னனே."

"ஆத்தைத் தாண்டித்தானுங்க போகோணும்?"

"பாலத்து மேல போச்சு. எத்தாச்சோட்டுப் பாலம் தெரியுமா, அக்கரையே தெரியாது."

"அது ஆத்துக்கு நடுவுல கெடக்கற தீவுங்க மாமா. பாலமே கெடையாது. படகுலதான் போகோணும். நீங்க போனது வெள்ளத்து மாசம்."

 அசாம் லைனில் ஓடுகிற தங்கவேல் அண்ணன் கையிலிருந்த பொரியைக் கீழே கொட்டினார். "புள்ளை சொல்றது நெசந்தானுங்க மொதலாளி. அந்தத் தீவுக்குப் பாலம் இல்லீங்க."

அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "எம்பட ஊட்டுக்காரரு எங்கீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மாமா, "பூஜை நேரத்துல என்ன பேச்சு இது" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

தங்கவேல் அண்ணன் அடுத்த லோடுக்கே கிளம்பினார். வழியில் உள்ள ஒர்க்ஷாப்புகளில் விசாரித்து, ஒரு மெக்கானிக் கைகாட்டிய ஆஸ்பத்திரியில் அண்ணனைக் கண்டுபிடித்தார். வெள்ளத்தில் காண்டாமிருகங்கள் மேடு தேடி ரோட்டுக்கு ஏறிவிடுமாம். ஒன்று குறுக்கே வர, வண்டியை ஒடித்து, ரோட்டுக் கரையிலிருந்து வண்டியோடு உருண்டிருக்கிறான். இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. பெர்மிட் முடிந்த லாரி அது. கேஸானால் வண்டி ஸ்டேஷனில் நின்று துருப்பிடிக்கும். மாமா போலீசிடம், டிரைவர் ஓடிவிட்டான் என்று சொல்லி வண்டியை மீட்டுக்கொண்டு, காய்ச்சலில் கிடந்தவனை விட்டுவிட்டு வந்துவிட்டார். பிழைக்கமாட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். நினைவு தெளிந்து அண்ணன் தனக்குத் தெரிந்த ஒரே நம்பருக்கு, ஷெட்டுக்கு, போன் போட்டிருக்கிறான். எடுத்தவர் மாமா. குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாராம்.

அவனுக்குச் சோறு ஊட்டியது ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை வைத்திருந்த ஒரு அம்மாள். 'போபாய்' என்று கூப்பிடுவாளாம். மகனே என்று அர்த்தம். காமரூபத்துப் பொம்பளை கட்டிப்போட்டது இப்படித்தான்.

தீபாவளிக்கு முன்னால் அண்ணன் வந்து சேர்ந்தான். நானும் அண்ணியும் டிரைவர்கள் வீடு ஒவ்வொன்றாக அவனைக் கூட்டிப்போனோம்.  அவனை உட்காரவைத்து வேட்டியை விலக்கிக் காட்டுவேன். போதும் போதும் என்பான், விடமாட்டேன். அதற்குப் பிறகு மாமா வண்டியில் ஏற உள்ளூரில் ஆள் இல்லை. வெளியூர் ஆட்களை வைத்தார். அவர்களும் கதை கேட்டு இறங்கிவிட்டார்கள். லாரிகள் ஷெட்டில் நின்று, ஒவ்வொன்றாக விலைக்குப் போயின.

ஒருநாள் மாமா வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அக்கா, உம்புள்ளைய நிறுத்தச் சொல்லு. நான் நடுத்தெருவுக்கு வந்துட்டேன்."

அம்மா புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "எம்பையன் காலு மறுக்கா மொளைக்கட்டும் தம்பி. அப்பறம் அவ வாயை நானே அடைக்கறேன்."

பரீட்சை எழுதினேனா என்று கேட்கிறீர்களா? எழுதினேன். அசாமின் தலைநகர் எது என்று கேட்டிருந்தார்கள். கௌகாத்தி என்று எழுதிவிட்டு வந்தேன். திஸ்பூர் என்பது பஸ்ஸில் பாதிவழி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அண்ணன் மாமாவை மன்னித்துவிட்டான். அவன் மனசு அப்படி. மாமா செத்தபோது கட்டையை ஊன்றிக்கொண்டு போய்க் கோடித்துணி போட்டுவிட்டு வந்தான். என்னையும் கூப்பிட்டான். நான் அன்றைக்குக் கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். தெருவுக்கே மணக்கட்டும் என்று மசாலாவைக் கொஞ்சம் கூடுதலாகவே வறுத்தேன்.

போன மாதம் ஷெட்டை இடித்தார்கள். அடுக்குமாடி வருகிறதாம். ஜேசிபி சத்தம் கேட்டு ஸ்கூட்டரை நிறுத்தினேன். டீசல் பங்க், பாய் விரித்து டிரைவர்கள் தூங்கும் இடம், தார்ப்பாய் காயப்போடும் கம்பி எல்லாம் முன்பே போய்விட்டன. ரோட்டோரச் சுவர் ஒன்றுதான் பாக்கி. அக்கா மேல் வைத்திருந்த பிரியத்தில் அந்தக் காலத்தில் மாமா அதில் 'பாவாயி துணை' என்று எழுதியிருந்தார். பாவாயி என் அம்மா. அவளும் இப்போது இல்லை. ஊரில் அவள் பெயர் எழுதியிருந்த இடம் அது ஒன்றுதான். ஆபரேட்டர் பையன் என்னைப் பார்த்துவிட்டு, ஏதாவது சொல்லவேண்டுமா என்பது போல வண்டியைக் கொஞ்சம் நிறுத்தினான்.

"இடி சாமி" என்றேன்.