வளைகாப்பு அன்னிக்கு என் வாயில ஊத்துன பால்

அட, அந்தக் கோடிவூட்டுக்காரி சொன்னது பாதிதான்டி. மீதிய நான் சொல்றேன், கேளு. சோரியாங்குப்பத்துல என் பேத்தி வளைகாப்புக்குப் போன எடத்துல எனக்குப் பால் ஊத்துனாங்க, அது நெசந்தான். சாவறவங்க வாயில ஊத்துற பால். நெனைச்சா இப்பவும் ஒடம்பு கூசுது.

தூக்கத்துல எனக்கு மூச்சு நின்னு நின்னு வருதுல்ல? அதுக்கு ஆஸ்பத்திரில மொதல்ல காத்து மிஷினு குடுத்தாங்க. மூக்குல மாட்டிக்கினா ஆடிக்காத்து மாரி அடிக்கும். தாங்காம கழட்டிப் போட்டுடுவேன். அப்புறம் பல்லு டாக்டரம்மா ஒரு பிளேட்டு செஞ்சு குடுத்துச்சு. சின்னப் பொண்ணு, கை நெறைய மருதாணி, அவ்ளோ அழகு. இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங், பிளேட்டு. அத்தக் கடிச்சிக்கினா கீழ்த்தாடை முன்னால வந்து தொண்டை வழி வுடும், காத்தக் கொறைச்சு வெச்சாலே போதும். "ரெண்டும் சேந்தாத்தான் ஆயா தூக்கம்"னுச்சு. நெசமாவே கொழந்த மாரி தூங்குனேன்டி!

ஆனா சம்பந்தி வூட்ல பாத்தா சிரிப்பாங்கன்னு ரெண்டையும் பையிலயே வெச்சு, மேல பொடவையப் போட்டு மூடிட்டேன். மத்தியானம் புளிசோறு, தேங்கா சோறுன்னு ஒரு புடி புடிச்சிட்டுக் கண்ணசந்துட்டேன். மூச்சு நின்னிருக்குது. பேத்தியோட மாமியா பாத்துட்டு, "ஐயோ, கெழவி பூடுச்சே"ன்னு ஓடியாந்து ஒரு கரண்டி பால ஊத்திடுச்சு. பொற ஏறி எழுந்து ஒக்காந்தேன். எதுக்க வளையல் போட்ட கையோட என் பேத்தி அழுவுது.

"நல்ல நாளும் அதுவுமா என் கையால பால் ஊத்த வெச்சிட்டீங்களே! ஒங்கள நம்பி எப்படிம்மா புள்ளத்தாச்சிய அனுப்பறது?"ன்னு மாமியா மறிச்சிடுச்சு. ஆத்தா இல்லாத பொண்ணுடி அது. பேறுகாலம் பாக்க என்ன வுட்டா யாரு?

வெக்கத்த வுட்டுட்டுப் பையத் தொறந்தேன். அத்தினி பொம்பளைங்க முன்னால பிளேட்டக் கடிச்சு, மிஷின மாட்டிக்கினு, கூடத்துல படுத்துட்டேன்.

"தும்பிக்க வெச்சாப்ல இருக்குது"ன்னு ஒருத்தி சிரிச்சா. சிரிடின்னு கண்ண மூடிட்டேன். மாமியா பக்கத்துலயே ஒக்காந்து என் நெஞ்சு ஏறி எறங்கறதையே பாத்துக்கினு இருந்துச்சாம். கொறட்ட இல்ல, ஒண்ணும் இல்ல.

எழுந்ததும், "மொதல்லயே இத்த மாட்டியிருந்தா நான் ஏம்மா பால தொடறேன்?"னு கேட்டுச்சு பாரு, தல நிமிரல எனக்கு. ஆனா பொண்ண கார்ல ஏத்தி அனுப்பிடுச்சு.

தோ, பேத்தி கூப்புடறா பாரு. குளிக்கணுமாம், வெந்நி வெளாவணும். வரேன்டி.