தவழும் உயரத்தில் மருந்து நெடி

அண்ணியைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் அன்று சேலையூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருக்க வேண்டும்.

கரப்பான்பூச்சிக்கு மருந்து அடித்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மற்ற வீடுகளுக்கும் அடித்துவிட்டுத் திரும்பி வந்த மருந்துக்காரர், "ஸ்மெல்லே இல்ல மேடம், தாராளமா உள்ள வாங்க. தினம் இதுலயே நிக்கிறேன், எனக்கே ஒண்ணும் ஆவல" என்றார்.

அண்ணன் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "ஆமா, இல்ல" என்றான். நானும் தலையாட்டினேன். காலையில் ரயிலேறினால் இரவு திரும்புகிறவர்கள் நாங்கள். பகல் முழுக்க அந்த வீட்டில் இருப்பவர்கள் அண்ணியும் தவழும் குழந்தையும்தான். நாங்கள் என்ன தீர்ப்புச் சொல்வது?

அண்ணி குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தார். கூடத்தில் மண்டியிட்டு, முகத்தைத் தரையருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு எழுந்து, மருந்துக்காரரிடம் குழந்தையைக் காட்டி, "நீங்க தரையை நக்குறதில்லையே அண்ணா. இவன் நக்குவான்" என்றார்.

மருந்துக்காரர் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். "நல்லா தொடச்சிடுங்க மேடம்" என்றார்.

"நான் தொட மாட்டேன், பால் குடுக்கிறவ. இவங்க ரெண்டு பேரும் தொடைப்பாங்க."

நானும் அண்ணனும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரத்துணியோடு முட்டி போட்டோம். முகம் தரையை நெருங்கியதும் இருவருக்கும் ஒன்றாக இருமல் வந்தது.