தம்பிக்குப் பாதுகாவலர்

தேனி ஆட்சியர் அலுவலகத்துக்குக் கிளம்பிய காலையில், அக்கா தம்பியின் முன்னால் இரண்டு சட்டைகளை நீட்டிப் பிடித்தாள். நீலச் சட்டையில் அவன் கண் நின்றது. அதைத்தான் போட்டுவிட்டாள். நேரமாகிறது, ஏதோ ஒன்றை மாட்டிவிடு என்று வாசலில் ஆட்டோவோடு நின்று நான் கத்தியதை அவள் காதிலேயே வாங்கவில்லை.

தம்பிக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கைகால் சொன்னபடி கேட்காது; ஒரு சொல்லை வெளியே கொண்டுவரப் பெரும்பாடு படுவான். ஆனால் எல்லாம் புரியும், என் பொய்கள் உட்பட. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, வயது வந்த அவனுக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலர் வேண்டியிருந்தது. எனக்குத் திருப்பூரில் வேலை. தாய்மாமன் இருக்கும்போது கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்ன பாத்தியதை என்று எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையே பேசியது. மாமா கெட்டவர் அல்ல. மதுரையில் ஒரு விடுதியில் அவனைச் சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்று நினைத்தார். அக்காவோ, போடியில் தன் வீட்டுக்கு அவனைக் கூட்டிப்போவதாக மனுப் போட்டிருந்தாள்.

விசாரணையில் அதிகாரி தம்பியைப் பார்த்து, “யார்கூட இருக்க விரும்புறீங்க?” என்று கேட்டார். மாமாவும் நானும் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்கினோம். பிறந்ததிலிருந்து அவனுக்காக நாங்கள்தானே பேசிவந்தோம்!

அக்கா எங்களைக் கையமர்த்தினாள். “சார், அவன்கிட்டதான கேட்டீக. அவனே சொல்லட்டும்.”

காத்திருந்தோம். தம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் வந்தது: “நம்ம... வீடு.” போடியா என்று அக்கா கேட்டதற்கு மாட்டேன் என்று தலையாட்டினான்.

“பாத்தீகளா சார், இவகூடயும் போக மாட்டேங்கிறான்” என்றார் மாமா. அக்காவின் மனு அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவளோ பக்கத்தில் நின்ற தன் கணவரை, எங்கள் மச்சானை, திரும்பிப் பார்த்தாள். போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த அவர், “கடைக்கு நான் தினம் பஸ்ல போயிட்டு வந்துக்கிறேன்” என்றார்.

“அப்ப நாங்க அவன் வீட்டுக்கு வந்துர்றோம் சார்” என்றாள் அக்கா. தம்பி சிரித்த சிரிப்பில் அதிகாரியும் சிரித்துவிட்டார்.

ஆணை அக்கா பெயருக்கே வந்தது. இப்படி ஒருத்தியோடு பிறந்தேன் என்பதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை. இன்று கம்பம், சின்னமனூர்ப் பக்கமிருந்தெல்லாம் இப்படி மனுப் போட அவளிடம் வழி கேட்டு வருகிறார்கள். போன வாரம் ஒருவர் தன் மகளுக்காக எல்லாத் தாள்களையும் சுமந்துகொண்டு வந்தார். தாளைத் தொடாமலே அக்கா கேட்டாள்:

“ஏண்ணே, மகளக் கூட்டிட்டு வரலையா? அவகிட்ட கேக்காம நாம என்னத்தப் பேச?”