துளை மாறிய கைப்பிடி

திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டிய அண்ணன் ஒருவர், பக்கவாதத்தில் பேச்சை இழந்து தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தார். தலையாட்டக்கூட வராது, இடது கை மட்டும் அசையும். அவர் மனைவியான அக்கா கொழுந்து வெட்டப் போவார். பிரிஞ்சாங் பள்ளியில் கணினி ஆசிரியையான நான், பழைய மடிக்கணினியில் அவருக்காக ஒரு சிறிய நிரல் எழுதிக் கொடுத்தேன். கணினி விளையாட்டுக்கான கைப்பிடியை அசைத்து எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பார்; கணினி அதை உரக்க வாசிக்கும். "தேத்தண்ணியில சீனி பத்தல" என்றுதான் முதலில் சொன்னார். அக்கா அழுதுவிட்டார்.

மலிவான கைப்பிடிகளுக்கென்று தனி எண் கிடையாது. தன் பக்கவாட்டில் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதை வைத்தே கணினி அவற்றை அடையாளம் காணும். துளை மாறினால் அதே கைப்பிடி கணினிக்குப் புதிய சாதனம். என் நிரலோ பழையதையே எதிர்பார்த்துக் காத்திருக்கும். இது தெரிந்தும், பிறகு திருத்தலாம் என்று விட்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தார். மேசையைத் துடைக்கக் கைப்பிடியைக் கழற்றி மாட்டினாராம்.

"வெளக்கு எரியுது டீச்சர், எழுத்துதான் நகரல லா."

தேர்வுத்தாள்களுக்கு நடுவே இருந்தேன். "கழட்டித் திரும்ப மாட்டுங்கக்கா, சரியாயிடும்" என்றேன். எந்தத் துளை என்று கேட்கவில்லை.

அவர் அதே தவறான துளையில் திரும்பத் திரும்ப மாட்டியிருக்கிறார். தானே உடைத்துவிட்டோம் என்று பயந்து மறுபடி கூப்பிடவில்லை. நானும் சரியாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறன்று, வேலைக்காக ஆஸ்திரேலியா புறப்பட்ட அவர்கள் மகள் விடைபெற வந்திருக்கிறாள். "கோவமாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் கைப்பிடியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. முகம் கோணி அழுதார். கோபம்தான் என்று எண்ணி அவள் போய்விட்டாள்.

புதன்கிழமை நான் போனபோது அக்கா எல்லாவற்றையும் தலைகுனிந்து சொன்னார். கைப்பிடியைப் பிடுங்கி, பழையபடி இடப்பக்கத்துத் துளையில் செருகினேன். உடனே வேலை செய்தது. அண்ணன் வெகுநேரம் எழுதினார்.

"தைரியமாப் போ. அப்பாவுக்குச் சந்தோசம்."

கணினி அதை வாசித்ததை என் போனில் பதிந்து மகளுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டு அழைத்தாள். நன்றி சொன்னாள். பிறகு, "இத கெளம்புறப்போவே காதால கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் டீச்சர்" என்றாள்.

எந்தத் துளையில் மாட்டினாலும் ஏற்கும்படி நிரலை அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். பத்து நிமிட வேலை. தப்பு என்னுடையதுதான் என்று அக்காவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவர் இன்னும் நம்பவில்லை.