காதுகுத்துக்கு ஒரு நாள் லீவு

மாத்திரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பரளச்சிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் கிராம செவிலியராக இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, எந்த டிரெய்னிங்கிலும் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். பி.பி. பட்டையைக் கையில் சுற்றியதும் மனுஷன் உண்மை பேச ஆரம்பித்துவிடுவான்.

பலசரக்குக் கடை செல்வராஜ் அப்படித்தான் மாட்டினார். பி.பி. எகிறிக் கிடந்தது. அதைப் பற்றி மூச்சு விடாமல் தூக்க மாத்திரை கேட்டார். உங்களுக்கா என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கில்ல நர்சக்கா, அப்பாவுக்கு. ஒரே ஒரு நாளு அவுக எந்திரிக்கக் கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டையைக் கழற்றாமலே விசாரித்தேன். அப்பா ஒரு காலத்தில் பருத்தி வியாபாரி. இப்போது புத்தி கலங்கி, மகன் முகம் தவிர எதுவும் பிடிபடுவதில்லை. அம்மா காலமாகிவிட்டார். செல்வராஜுக்குக் கல்யாணமும் தள்ளிக்கொண்டே போனது. கடைக்குப் பின்னால் வீடு. கண் அசந்தால் பெரியவர் வெயிலில் ரோட்டோடு நடந்துவிடுவார்.

அடுத்த வாரம் அருப்புக்கோட்டையில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். இவருக்காக ஏற்கெனவே தள்ளிப் போட்டிருந்தார்கள். இந்தத் தடவையும் வராவிட்டால் வேறு மடியில் வைத்துக் குத்திவிடுவோம் என்று தங்கை வீட்டுக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார். அத்தோடு உறவு முறிந்த மாதிரிதான். அப்பாவைக் கூட்டிப் போகவும் பயம். கடைசியாகக் கூட்டிப் போன ஒரு கல்யாணத்தில் பந்திக்கு நடுவே வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டாராம்.

டாக்டர் பார்க்காமல் வயதானவருக்கு அந்த மாத்திரை கொடுத்தால் உயிருக்கே ஆபத்து, தரவே மாட்டேன் என்று கறாராகச் சொன்னேன். ஆனால் அந்த மனுஷனை வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை.

ரெண்டு வீடு

பக்கத்து ஊர் பாண்டியம்மாளின் மாமியாருக்கும் இதே கோளாறு. பாண்டியம்மாளிடமும் செல்வராஜிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டு, பெரியவர்கள் கண்ணயரும் ஒரு மத்தியானம் நிலையத்துக்கு வரச் சொன்னேன். சொல்ல வேண்டிய ஆலோசனைகளை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என்னைப் பேச விட்டால்தானே!

மாமியார் அரிசிப் பானைக்குள் செருப்பை ஒளித்து வைத்ததைப் பாண்டியம்மாள் சொன்னார். செல்வராஜ் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தன் அப்பா பொழுதெல்லாம் பருத்தி லோடு வந்ததா என்று கேட்பதாகவும், வியாபாரம் மூடியாச்சு என்றால் அடிக்க வருவதாகவும் அவர் சொன்னார்.

"ஏன் தம்பி மூடுறீங்க? வந்துக்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க" என்றார் பாண்டியம்மாள்.

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு செல்வராஜ் சொன்னார்: "சில நாளு, அவுக போய்ச் சேந்தாத் தேவலன்னு தோணுது."

மனப்பாடம் செய்ததில் இதற்கான ஆலோசனையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"எனக்குந்தான் தோணும். தோணுறது தோணட்டும்னு சோத்தப் பிசைஞ்சு கொண்டு போவேன்" என்றார் பாண்டியம்மாள்.

செல்வராஜின் தோள் அப்படியே இறங்கியது. அந்த வாரமே பி.பி.யும் கொஞ்சம் இறங்கியது என்றால் நம்புவீர்களா? நான் அனுப்பி வைத்த டாக்டர் பி.பி.க்குக் கொடுத்த மாத்திரைதான் காரணம் என்பீர்கள். இருக்கட்டும், எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

காதுகுத்து

காதுகுத்து நாளில் பெரியவரை நாங்களே பார்த்துக்கொள்வது என்று பேசி வைத்தோம். அவருக்கு எங்கள் முகம் பழக வேண்டும் என்று நானும் பாண்டியம்மாளும் அந்த வாரம் முழுக்கக் கடைப்பக்கம் போய் வந்தோம். ஞாயிற்றுக்கிழமை பாண்டியம்மாளின் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டார். செல்வராஜ் காலை பஸ்ஸுக்குக் கிளம்பினார். அப்பாவுக்குக் குழைந்த சோறுதான் இறங்கும் என்று சொல்வதற்காகப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தார். அவரைத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தோம்.

பெரியவர் லோடு வந்ததா என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறது என்றார் பாண்டியம்மாள். தார்ப்பாய் கட்டினார்களா என்றார். கட்டியாச்சு என்றோம். திருப்தியாகச் சாப்பிட்டுப் படுத்தார். ஒரு தகராறும் இல்லை! ரோட்டில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் எனக்குத் துடித்தது.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, நெற்றிச் சந்தனத்தோடு ஓடி வந்தார் செல்வராஜ். மருமகள் மடியில் அழுதாளா, தங்கை பேசினாளா என்று நாங்கள் கேட்க நினைத்ததற்கெல்லாம் இடமே கொடுக்கவில்லை.

"அப்பா என்னயத் தேடுனாகளா?"

இல்லை, நிம்மதியாக இருந்தார் என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஒரு தடவ கூடவா?"

அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். தான் இல்லாவிட்டால் அப்பா இல்லை என்று நினைத்துத்தான் இத்தனை வருஷமும் ஓட்டியிருக்கிறார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பாண்டியம்மாள் அழ விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அழுது முடிங்க தம்பி. எங்க அம்மாவப் போய்ப் பாத்து ரொம்ப நாளாச்சு. வர்ற வெள்ளிக்கெழம உங்க அப்பாவையும் கூட்டிக்கிட்டு வந்து எங்க மாமியார நீங்க பாத்துக்கணும். நர்சக்காவும் இருப்பாக."

செல்வராஜ் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அவுக என்ன கேப்பாக? நான் என்ன பதில் சொல்லணும்?"

பிள்ளைகளே, இப்படி ஒரு வீட்டுக்குப் போனால் நோயாளியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். பார்த்துக்கொள்கிறவரிடம் எந்த நாள் லீவு வேண்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த நாளுக்கு ஆள் பிடியுங்கள்.