பூசையில் இருந்த பாட்டரி

சாமியாடுகிறவரைப் பார்த்தால்கூட, அவருடைய நாடி இப்போது எவ்வளவு வேகமாக அடிக்கும் என்று யோசிக்கிற ஆள் நான். தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக ஏ.எல். உயர்தர வகுப்பு வரை படித்தவள், அதுவும் விஞ்ஞானப் பிரிவில். இனிச் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் கோபப்பட மாட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அப்பா தோட்டத்து லொறி டிரைவர். நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை கொடுத்த பழைய இரட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் அவரிடம் இருந்தது. படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்து, "இது ஒனக்குத்தான் புள்ள. ஒங்கண்ணன் கைக்குப் போனா நாசமாக்கிருவான்" என்றார். அம்மா பக்கத்தில்தான் நின்றார்.

அப்பா போன பிறகு, பஸ் ஏறாத மேல் டிவிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. போய்வர அந்த வண்டி வேண்டும், ஆனால் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் அதன் மெக்னெட் செத்துப் போயிருந்தது.

அண்ணன் சிரித்தான். "டீச்சரம்மா மொதல்ல ஸ்டார்ட் பண்ணட்டும், அப்புறம் பாப்பம்."

கொழும்பிலிருந்து எலக்ட்ரோனிக் இக்னிஷன் வரவழைத்து, அதோடு வந்த ஆங்கிலத் தாளைப் படித்துப் படித்து மெக்னெட்டுக்குப் பதிலாக நானே பூட்டினேன். ஆயுத பூசையன்று காலையில் இரண்டு ப்ளக்கிலும் நீலப் பொறி வந்தது, ஆனால் கால் வீங்கும்வரை உதைத்தும் எஞ்சின் எடுக்கவில்லை. அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டார். எங்கள் லயத்து வீடுகளில் ரப்பர் பால் வெட்டும் கத்தி, வாளி, ஸ்பேனர் எல்லாம் பூசைக்குப் போகும், மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது. பாட்டரியையும் கழற்றி, சந்தனம் பூசி அப்பா படத்துக்கு முன்னால் வைத்தேன். ஒன்று சொல்லவேண்டும், பழைய மெக்னெட்டுக்குப் பாட்டரி தேவையில்லை, நான் பூட்டியதற்கோ பாட்டரி இல்லாவிட்டால் பொறியே வராது.

சாயங்காலம் தேவாரம் பாடிக்கொண்டிருந்தோம், வாசலில் வண்டி ஸ்டார்ட் எடுத்தது. இரண்டு சிலிண்டரும் சேர்ந்து, ஒரு தடுமாற்றம் இல்லாமல். ஓடிப்போய்ப் பார்த்தால் அண்ணன் மேலே உட்கார்ந்திருக்கிறான், பாட்டரிப் பெட்டி காலி, வயர்கள் எதிலும் படாமல் தொங்குகின்றன. திரும்பிப் பார்த்தேன், பாட்டரி படத்துக்கு முன்னால் பூவோடு இருந்தது.

"அண்ணே, எறங்கு! எறங்குன்னு சொல்றேன்ல!"

அம்மா வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "வண்டி யாருக்குன்னு அப்பா காட்டிட்டாரு. விட்றுடி."

"எனக்குன்னுதானே சொன்னாரு? நீங்களும் கேட்டீங்கல்ல?"

"நான் ஒண்ணும் கேக்கல."

மறுநாள் பாட்டரியைப் பூட்டி உதைத்தேன், எடுக்கவில்லை. அண்ணனுக்கு ஒரே உதையில் எடுத்தது. நான் பூட்டிய இக்னிஷனோடு வண்டியைக் கொண்டுபோனான், நான் அட்டைக்கடியோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். அம்மா பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்பா வாக்கு மாறியதைத்தான் பொறுக்க முடியவில்லை, இன்றுவரை அவர் படத்துக்கு நான் விளக்கேற்றுவதில்லை.

போன தீபாவளிக்கு அண்ணன் வந்திருந்தான். அந்த ஆயுத பூசையன்று சாயங்காலம் எத்தனை உதையில் எடுத்தது என்று கேட்டேன். கேலி செய்வான் என்று நினைத்தேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான் ஒதைக்கவே இல்ல தங்கச்சி. சும்மா ஏறி ஒக்காந்தேன், அவ்வளவுதான்."