ரெண்டு மில்

பிரேமினி அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறாள். பழைய பிஸ்கட் பெட்டி அட்டை, இரும்பு அடிமட்டம், பிளேடு. வெட்டிய துண்டைத் தகரப் பெட்டிக்குள் நுழைத்துப் பார்க்கிறாள், உருவுகிறாள், ஓரத்தை நகத்தால் கீறிவிட்டு மறுபடி நுழைக்கிறாள். பக்கத்தில் மடிக்கணினி திறந்தபடி கிடக்கிறது, தொடவில்லை. "கம்ப்யூட்டர்லயே அளந்துக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன்.

"கம்ப்யூட்டரு நாம சொன்னத நம்பிரும்ங்க. அட்டை நம்பாது."

ஹட்டனிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் குலுங்கினால் இவள் இருக்கும் தேயிலைத் தோட்டம். லயம் என்னும் வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. என் தங்கையோடு ஒரே வகுப்பில் படித்தவள். கொழும்பில் ஒரு சின்னக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே மின்சுற்றுப் பலகை வரைந்து கொடுக்கிறாள். ரேடியோவைக் கழற்றினால் உள்ளே பச்சையாக ஒன்று இருக்குமே, அதுதான். லயத்தில் இவள் பெயர் 'போர்டுக்காரப் புள்ள'. ஒருநாள் யாரோ கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வேண்டுமென்று வந்து உட்கார்ந்துவிட்டாராம். அதையும் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

வரையும்போது இவளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. முதலில் பலகையின் வெளிக்கோடு. நாலு மூலையும் முட்ட வேண்டும். "ஒரு மூலை மயிரிழை தொறந்து கெடந்தாலும் போர்டு எங்க முடியுதுன்னு மெஷினுக்குத் தெரியாதுங்க. அதுக்குப் போர்டே இல்லன்னு அர்த்தம்." பிறகு அந்தக் கோட்டுக்கு உள்பக்கம் சுற்றிவர ஒரு வெற்றிடம். கரண்டு ஓடும் செம்பு அதற்குள் வரவே கூடாது. மென்பொருளில் அதற்கு ஏதோ நீட்டு முழக்கமாக ஓர் இங்கிலீஷ் பெயர். இவள் வைத்திருக்கும் பெயர் கான். லயத்துக்குப் பின்னால் மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் ஓட வெட்டிவிடுகிறார்களே, அந்தக் கான்.

"கான் இல்லாட்டி அங்க தண்ணி உள்ள வரும். இங்க கரண்டு வெளிய போயிரும். அவ்ளோதாங்க வித்தியாசம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இவள் சறுக்கி விழுந்தது அந்தக் கானில்தான்.

போன வருஷம் மழைக்கு முன்னால், தோட்டத்து வாலிபர் சங்கம் மண்சரிவுக்கு எச்சரிக்கைப் பெட்டி செய்து தரச் சொன்னது. மேட்டில் ஒரு முளை, முளையிலிருந்து கம்பி. மண் நகர்ந்து கம்பி இழுபட்டால் வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டி அலற வேண்டும். பெட்டி அடித்தவர் ஹட்டனில் தகரப் பட்டறை வைத்திருக்கும் சின்னத்தம்பி. போனில் சொன்னார்: "தங்கச்சி, தகர மடிப்பு போர்டோட ஓரத்தக் கவ்விப் புடிக்கும். சுத்திவர ரெண்டு மில் வுட்டுருங்க."

பட்டறையில் மில் என்றால் மில்லிமீட்டர். இவள் மென்பொருளில் மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டருக்குள் அதில் கிட்டத்தட்ட நாற்பது அடங்கும். கானின் அகலத்துக்கு இவள் இரண்டு என்று தட்டினாள், பக்கத்திலேயே மில் என்று எழுதியிருந்தது. காதில் விழுந்த சொல்லும் கண்ணில் பட்ட சொல்லும் ஒன்றாக இருந்தால் யாருக்கய்யா சந்தேகம் வரும்? நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றேன்.

"கதை எழுதுற நீங்க செஞ்சா அது எழுத்துப்பிழைங்க," என்றாள்.

மேசையில் வைத்துச் சோதித்தபோது பெட்டி அலறி ஊரைக் கூட்டியது. மாட்டி மூன்று வாரத்தில், பனி ஈரத்தில் ஊறி, தகர மடிப்பு செம்பைத் தொட்டுவிட்டது. பெட்டி செத்துப்போனது ஒருவருக்கும் தெரியாது. ஒரு பகலில், எல்லோரும் கொழுந்தெடுக்கப் போயிருந்த நேரம், மேடு சரிந்தது. மேட்டை ஒட்டிய காம்பராவில் காய்ச்சலோடு படுத்திருந்த வயதான அம்மாக்கண்ணு மட்டும் உள்ளே. அவர் தலைக்கு மேலே சுவரில்தான் பெட்டி. முனகக்கூட இல்லை. இடுப்பளவு மண்ணிலிருந்து தூக்கினார்கள். உயிர் பிழைத்தார், இடது காலுக்குத் தடி வந்துவிட்டது.

மற்றப் பெட்டிகளையெல்லாம் பிரேமினி அன்றைக்கே கழற்றினாள். என் பிழை, என் பிழை என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சின்னத்தம்பியின் பேச்சையே எடுக்கவில்லை. அட்டை வெட்டும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். புதுப் பெட்டிகளை எல்லா வீட்டாரும் மாட்டிக்கொண்டார்கள், அம்மாக்கண்ணுவைத் தவிர. இடிந்த சுவரைக் கட்டி அதே காம்பராவில்தான் இருக்கிறார். வேறு எங்கே போக? மழையோ இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறது. "ஊமைப் பெட்டிக்கு எஞ் செவுரு எதுக்கு?" என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார். பிரேமினிக்கு எப்படி இருந்திருக்கும்!

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் தரம் போனாள், நானும் கூடப் போனேன். இந்தமுறை மூடியைக் கழற்றி, பலகையை உருவி, அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"நீங்களே பாருங்க பெரியம்மா."

அம்மாக்கண்ணு வாசல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் நாலு ஓரத்தையும் மெதுவாகத் தடவினார். "என்னா புள்ள, சுத்திவர வெறுசா கெடக்கு?"

"அதான் பெரியம்மா கான். அன்னிக்கு நான் அத ஒழுங்கா வெட்டல."

"கான் வெட்டாம யாராச்சும் செவுரு கட்டுவாங்களா?"

பிரேமினிக்குக் கண் நிரம்பிவிட்டது. அம்மாக்கண்ணு இன்னொரு சுற்று தடவிப் பார்த்துப் பலகையைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏறு."

ஸ்டூல் ஆடியது. பிரேமினி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆணியை வைத்தாள். அம்மாக்கண்ணு தடியைச் சுவரில் சாத்திவிட்டு, ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.